வக்கீல் தம்பி ஜெயித்தானா, இல்லையா?

எங்கள் குடியிருப்பில் ஒரு நாவல் ஏழு வீடு ஏறி இறங்கி வந்திருக்கிறது. புறப்பட்டபோது புத்தம் புதுசு. இப்போது பார்த்தால் நடுவில் நாலு பக்கம் சாம்பார்க் கறை. பின் அட்டையில் யார் வீட்டு வாண்டோ க்ரேயானால் போட்ட யானை. போகட்டும், புத்தகம் கெட்டதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. அதன் முடிவைப் பற்றித்தான் சண்டை! மாடிப்படியில், காய்கறி வண்டி பக்கத்தில், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும் வழியில் என்று எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. 'சரி, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எல்லோரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க, ஒரே அடியா சண்டை போட்டு முடிச்சுடலாம்' என்று நான்தான் கூப்பிட்டேன். வெங்காய பஜ்ஜியும் டீயும் என் பொறுப்பு.

நாவலின் பெயர் 'தி ரெயின்மேக்கர்'. எழுதியவர் ஜான் க்ரிஷாம். 1995ல் வெளிவந்தது. பெயரைக் கேட்டு ஏதோ விவசாயக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெரிய கேஸ்களைப் பிடித்து வந்து தன் ஆபீஸுக்குப் பணமழை கொட்டச் செய்கிற வக்கீலை அமெரிக்காவில் அப்படிச் சொல்வார்களாம். க்ரிஷாம் தாமே ஒரு வக்கீல். 1981ல் சட்டப் படிப்பை முடித்து, மெம்ஃபிஸ் நகரத்தை ஒட்டிய சௌத்ஹேவன் என்ற ஊரில் பத்து வருஷத்துக்குக் கிட்ட தொழில் செய்தவர். கோர்ட் வராந்தாவின் வாசனை தெரிந்து எழுதியிருக்கிறார்.

ஏழு பேரும் ஒரே மாதிரி படித்தோம் என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் முழுசாகப் படித்தோம். கண் ஆபரேஷன் ஆன கீழ் வீட்டு மாமிக்குப் பேத்தி தினம் ராத்திரி படித்துத் தமிழில் சொன்னாள். மீதி இரண்டு பேர் கொப்போலா டைரக்ட் செய்து 1997ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, படித்தவர்களைவிட உரக்கப் பேசினார்கள்! (மாட் டாமன்தான் அந்த வக்கீல் பையன். 'முகத்துல பால் வடியுது' என்பது மாமியின் தீர்ப்பு.)

படிக்காத சகோதரிகளுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரூடி பெய்லர் என்கிற பையன் டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸில் சட்டக் கல்லூரிக் கடைசி வகுப்பு. கையில் காசில்லை, தலைக்கு மேல் கடன், கிடைத்திருந்த வேலையும் கடைசி நேரத்தில் கைநழுவிப் போகிறது. வகுப்பில் முதியோருக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்ல அழைத்துப் போகிறார்கள். அங்கேதான் டாட் ப்ளாக் என்ற அம்மாள் ஒரு கட்டுக் காகிதத்தோடு அவனைத் தேடி வருகிறாள்.

டாட்டுக்கு இரட்டைப் பிள்ளைகள். அதில் ஒருவன், டானி ரே, ரத்தப் புற்றுநோயில் படுத்திருக்கிறான். வயது இருபத்திரண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்க வழியுண்டு. மஜ்ஜை கொடுக்க, அச்சு அசலாக அவனைப் போலவே இருக்கிற இரட்டைச் சகோதரன் தயாராக நிற்கிறான். வாரம் 18 டாலர் என்று வீட்டுக்கே ஆள் வந்து வாங்கிக்கொண்டு போன இன்ஷூரன்ஸ் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. கம்பெனி மட்டும் பணம் தர மாட்டேன் என்கிறது. ஒரு தடவை இல்லை, எட்டு தடவை! ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு காரணம். எட்டாவது கடிதத்தில் காரணம்கூட இல்லை. 'நீ ஒரு முட்டாள்' என்பதையே மூன்று முறை அடுக்கி, கம்பெனி எழுதி அனுப்புகிறது.

மாமியின் பேத்தி அந்த இடத்தைப் படித்தபோது, 'நிறுத்துடி' என்று சொல்லிவிட்டு மாமி எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாராம். 'பெத்தவளை அப்படி எழுத எந்தக் கைக்கு வந்தது?' என்று எங்களிடம் கேட்டபோதும் குரல் நடுங்கியது.

ரூடிக்கு லைசென்ஸ் வந்த மை காயவில்லை. எதிரே பட்டும் படாடோபமுமாக ஐந்தாறு பெரிய வக்கீல்கள். இவன் பக்கத்தில் டெக் என்று ஒரே ஒரு ஆள். வக்கீல் பரீட்சையில் தோற்றுத் தோற்று ஆஸ்பத்திரி வார்டுகளில் கேஸ் பிடித்துத் திரிகிற பேர்வழி. வழக்கு கோர்ட்டுக்கு வருமுன்னே டானி ரே போய்விடுகிறான். அவன் சொன்னதை வீடியோவில் பதிவு செய்ததுதான் மிச்சம்.

முடிவில் ஜூரி ரூடியின் பக்கம் சொல்கிறது. கம்பெனிக்கு அபராதமாக மட்டும் ஐந்து கோடி டாலர். ஆனால் அந்தக் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்துவிடுகிறது! டாட்டுக்கு ஒரு செப்புக்காசு வரவில்லை. ரூடிக்கும் இல்லை. அவன் வக்கீல் தொழிலுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிறான்.

இப்போது புரிகிறதல்லவா, சண்டை எதற்கென்று?

முதலில் ஆரம்பித்தவள் மூன்றாம் மாடி மருமகள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, வேகம் அதிகம். 'இது என்ன முடிவு அக்கா? அறுநூறு பக்கம் கண்ணைக் கெடுத்துக்கிட்டுப் படிச்சது இதுக்கா? வில்லனெல்லாம் பணத்தைச் சுருட்டியாச்சு. பிள்ளையும் போயாச்சு. அந்த ரூடியாவது அடுத்த கேஸ் எடுத்து நாலு பேருக்கு நல்லது பண்ணக் கூடாதா? ஓடிப் போறானே!'

அடுத்த வீட்டு டீச்சரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 'ஓடிப் போகலேம்மா. வாத்தியாராப் போகலாம்னு நினைக்கிறான். அது ஓட்டமா?' என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. அந்தப் பையன் ஒரே வழக்கில் என்னென்ன பார்த்துவிட்டான்! எதிராளிகள் அவன் ஆபீஸ் டெலிபோனை ஒட்டுக் கேட்கிறார்கள். இவனும் டெக்கும் அதைத் தெரிந்துகொண்டு, பொய்யாக ஒரு பேச்சுப் பேசி அவர்களையே குழியில் தள்ளுகிறார்கள். 'படிக்கும்போது நான் கை தட்டினேன். அப்புறம்தான் தோணித்து, பையன் கெட்டுப் போக ஆரம்பிச்சுட்டான்னு. அதனாலதான் விட்டுட்டுப் போறான். எனக்கு அந்த முடிவு பிடிச்சிருக்கு' என்றார்.

இது எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கெல்லியைப் பற்றிப் பேச்சு வந்தபோது பஜ்ஜித் தட்டு அப்படியே நின்றுவிட்டது. புருஷன் அலுமினிய மட்டையால் அடித்துக் காலை ஒடித்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிற சின்னப் பெண் அவள். ரூடிக்கு அவள்மேல் இரக்கம், இரக்கம் காதலாகிறது. கடைசியில் ஒரு கைகலப்பில் அந்தப் புருஷன் சாகிறான். பழியை அவள் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறாள். தற்காப்பு என்று அவள்மேல் வழக்கில்லாமல் போகிறது. 'வக்கீல் கிட்ட உதவி கேட்டு வந்தவளைக் காதலிக்கிறது என்ன நியாயம்?' என்று இரண்டு பேர். 'அது நியாயமில்லைதான். ஆனா அவளைத் திரும்பத் திரும்ப அதே வீட்டுக்கு அனுப்பி வைச்ச மனுஷாளை விட்டுட்டு இவனை மட்டும் ஏன் பிடிக்கிறீங்க?' என்று மருமகள். எனக்கு அந்தக் காதல் கதைக்கு ஒட்டாத பூச்சாகத்தான் பட்டது. ஆனால் அவள் அடிபட்டு அடிபட்டுத் திரும்பிப் போவதை எழுதியது மட்டும் நிஜம். அமெரிக்காவானாலென்ன, மெம்ஃபிஸானாலென்ன! நம் நாட்டில் 2005ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்ததும், 181 என்ற எண்ணுக்குப் போன் செய்து எந்த நேரமும் உதவி கேட்கலாம் என்பதும் எங்களில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதை ஆளுக்கொரு காகிதத்தில் எழுதிக்கொண்டோம்.

மாமிக்குப் பிடித்தது மிஸ் பேர்டிதான். ரூடிக்குத் தன் வீட்டுப் பின்பக்கம் குடியிருக்க இடம் கொடுத்து, தோட்ட வேலை வாங்கியே பையனின் இடுப்பை ஒடிக்கிற கிழவி. தன்னிடம் கோடிக்கணக்கில் சொத்திருப்பதாகச் சொல்வாள். உயிலை மாற்றி டெலிவிஷன் பிரசங்கி ஒருவருக்கு எழுதப் போகிறேன் என்பாள். உடனே மகன்களுக்கு அம்மாமேல் பாசம் பொங்கும்! 'நானும் அப்படி ஒரு புரளி கிளப்பலாம்னு பார்க்கிறேன்' என்று மாமி மருமகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எட்டாம் வீட்டு அம்மா இருபது வருஷம் நர்ஸாக இருந்தவர். அவர் நாவலைப் படிக்கவில்லை, அன்றைக்குப் பஜ்ஜிக்குத்தான் வந்தார். ஆனால் நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அவரிடம்தான் இருந்தது. மஜ்ஜை மாற்றுவது என்றால் எலும்பையே எடுத்து வைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நம் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில்தான் ரத்தம் ஊறுகிறது. நோயாளியின் கெட்டுப்போன மஜ்ஜையைக் கடும் மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிட்டு, கொடுப்பவரின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுத்த மஜ்ஜையை, ரத்தம் ஏற்றுகிற மாதிரி நரம்பு வழியாகவே ஏற்றுகிறார்கள். கொடுத்தவருக்குச் சில வாரங்களில் அது மறுபடி ஊறிவிடும். கூடப் பிறந்தவர்களில் ஒருவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்றால் பொருத்தம் பற்றிக் கவலையே இல்லை. இந்தச் சிகிச்சைக்கு வழி காட்டிய டாக்டர் டானல் தாமஸ் 1990ல் நோபல் பரிசு வாங்கிவிட்டார். நம் நாட்டிலேயே பம்பாய் டாடா ஆஸ்பத்திரியில் 1983லும், வேலூர் சி.எம்.சி.யில் 1986லும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 'அப்படி இருக்க, அந்தக் கம்பெனி பணம் தர மாட்டேன்னது அக்கிரமம்தான்' என்றார் நர்ஸம்மா.

'கதைதானே, கொஞ்சம் மிகையா எழுதியிருப்பார்' என்று யாரோ சொன்னார்கள். இல்லை! நாவல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், கலிஃபோர்னியாவில் இதற்குப் பங்காளி போல ஒரு நிஜ வழக்கு நடந்தது. நெலீன் ஃபாக்ஸ் என்ற அம்மாளுக்கு மூன்று பெண் குழந்தைகள். மார்பகப் புற்றுநோய். மஜ்ஜைச் சிகிச்சைக்கு அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி, 'இது இன்னும் பரிசோதனை நிலையில் இருக்கிறது' என்று சொல்லிப் பணம் மறுத்தது. குடும்பத்தார் ஊரெல்லாம் பணம் திரட்டிச் சிகிச்சை செய்தார்கள். 1993 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். வழக்கை நடத்திய இளம் வக்கீல் யார் தெரியுமா? அந்த அம்மாளின் தம்பி! அந்த ஆண்டு டிசம்பரில் ஜூரி 8 கோடியே 90 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அப்புறம் அதைவிடக் குறைந்த தொகைக்குச் சமரசம் ஆனது வேறு விஷயம்.

ஆனால் இதற்கும் ஒரு பின்கதை உண்டு. 1999லிருந்து வந்த ஆராய்ச்சிகளில், மார்பகப் புற்றுநோய்க்கு அந்தச் சிகிச்சை சாதாரண மருந்துச் சிகிச்சையைவிட மேலானதில்லை என்று தெரிந்துவிட்டது. ரத்தப் புற்றுநோய்க்குப் பலன் தருவது மார்பகத்துக்குத் தரவில்லை. 'அப்போ கம்பெனி சொன்னது சரியா?' என்று மருமகள் திகைத்துப் போய்க் கேட்டாள். நர்ஸம்மா டீயை ஆற்றிக்கொண்டே, 'பலன் இருக்குமா இருக்காதான்னு டாக்டர்கள் யோசிச்சுச் சொன்னா அது வேற. செலவாகுமேன்னு கணக்குப் பிள்ளை சொன்னா அது வேற. அந்த நேரத்துல யார் என்ன காரணத்துக்குச் சொன்னாங்கன்னுதான் பார்க்கணும்' என்றார். நாவலில் வருகிற கம்பெனியில் காரணம் ஒளிவுமறைவில்லாமல் வெளிவந்துவிடுகிறது. யார் பணம் கேட்டாலும் முதலில் மறுத்துவிடு என்று ஊழியர்களுக்கான கைப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குக் கொடுத்த பிரதியில் மட்டும் அந்தப் பகுதியைக் காணோம்! பெரும்பாலான ஜனங்கள் முதல் மறுப்போடு அழுதுவிட்டு ஓய்ந்துவிடுவார்கள் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

அது வரையில் வாயே திறக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டாம் மாடி அக்கா. இந்தப் புத்தகத்தை அதிக நாள் வைத்திருந்தது அவர்தான். 'எனக்கு ரூடியையும் தெரியாது, கெல்லியையும் தெரியாது' என்று மெதுவாக ஆரம்பித்தார். 'அந்த டாட் அம்மா எட்டு லெட்டரையும் பத்திரமா வெச்சிருந்தா பாருங்க. புருஷன் தலையில அடிபட்டு, பழைய காருக்குள்ளயே பூனைகளோட உட்கார்ந்திருக்கான். பிள்ளை படுக்கையில. அவ்வளவு கஷ்டத்துலயும் ஒரு காகிதத்தைக் கிழிச்சுப் போடலை. அது இல்லேன்னா அந்தப் பையன் எதை வெச்சு ஜெயிச்சிருப்பான்?'

எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் இருதய ஆபரேஷன் ஆனது எங்களுக்குத் தெரியும். நகையை விற்றுச் செலவு செய்ததும் தெரியும். இன்ஷூரன்ஸ் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. சர்க்கரை வியாதியை மறைத்துவிட்டதாகச் சொல்லிப் பணம் மறுத்துவிட்டார்களாம். 'ஆறு வருஷமா ஒரு தவணை தப்பாம கட்டினோம். அந்த லெட்டரைப் பார்த்ததும், நாமதான் ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு எனக்கு வெட்கமாப் போச்சு. இவர்கிட்டக் கூட மறுபடி அந்தப் பேச்சை எடுக்கலை. பட்டுப்புடவைக்கு அடியில வெச்சுட்டேன்.'

பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர் ப்ளாட் அம்மா அப்போதுதான் கண்ணாடியை எடுத்து மாட்டினார். இந்த மாதிரி விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'எத்தனை மாசமாச்சு லெட்டர் வந்து?' என்றார். 'ஒன்பது.' 'ஆறு வருஷம் இடைவெளி இல்லாம கட்டினீங்களா?' 'ஆமாம்.'

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், உங்களுக்கும் உதவும். 2024ல் வந்த விதிப்படி, மருத்துவ இன்ஷூரன்ஸைத் தொடர்ந்து 60 மாதம் கட்டி வந்திருந்தால், வியாதியை மறைத்தார்கள் என்று காரணம் காட்டிக் கம்பெனி பணம் மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். மறுத்தால் முதலில் கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலும் அவருக்கு ஓர் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையில் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டு. ஆனால் ஓராண்டுக்குள் போக வேண்டும் என்று கெடு இருப்பதால், கடிதத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. புதிதாகப் பாலிசி எடுப்பவர்களுக்கும் ஒன்று சொன்னார்: கைக்கு வந்த முப்பது நாளுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். 'அதைப் படிக்கிற பொறுமை அந்த நாவலைப் படிக்கிற பொறுமையில பாதி இருந்தாப் போதும்' என்று ஒரு குத்தும் வைத்தார். எங்கள் வீட்டுப் பாலிசியை நான் இதுவரை பிரித்தே பார்த்ததில்லை. அதை அங்கே சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாம் மாடி அக்கா எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் பழுப்பு உறை ஒன்று, ரசீதுகள் செருகிய ஒரு பிளாஸ்டிக் பை, அந்தக்காலத்து அம்மாக்கள் வைத்திருப்பது போல ரப்பர் பாண்டு போட்ட ஒரு கட்டு. ஆறு வருஷத்து ரசீதும் இருந்தது! 'என்னமோ வெச்சிருந்தேன்' என்றார் கூச்சத்தோடு.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். பாங்கி அம்மா சொல்லச் சொல்ல டீச்சரம்மா எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் வரைவில் மூன்றாம் மாடி மருமகள் கொஞ்சம் காரமாக இரண்டு வாக்கியம் சேர்க்கச் சொன்னாள். மாமி ஒப்பவில்லை: 'வசவெல்லாம் அவா எழுதட்டும். நாம தேதியும் ரசீது நம்பரும் எழுதினாப் போதும்.' பஜ்ஜி ஆறிப் போய் நமத்துவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

டாட் ஜெயித்தாளா இல்லையா என்ற சண்டை மட்டும் அன்றைக்கு முடியவில்லை. பணம் வராமல் போனபோதும் அவளுக்கு வருத்தமில்லை. அந்தக் கம்பெனி இனி இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை என்பதே அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. 'அதுதான் ஜெயம்' என்கிறார் டீச்சரம்மா. 'பிள்ளையைத் திருப்பித் தராத ஜெயம் என்ன ஜெயம்' என்கிறார் மாமி. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். மாமி பேசும்போது மாமி சரி. டீச்சர் பேசும்போது டீச்சர் சரி.

இரண்டாம் மாடி அக்காவின் கடிதம் மறுநாள் காலையிலேயே ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. இன்றோடு பதினெட்டு நாள். தபால்காரர் வருகிற நேரத்தில் அவர் பால்கனிக்கு வந்து நிற்பது தெரிகிறது. புத்தகத்தை நர்ஸம்மா வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.